வௌவால் எங்கே, எப்போது என்று கேட்டாயே

தம்பி,

நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். மாடு கன்றுக்கும் குறைவில்லை. எனக்கு உன் மேல் கோபம், அதை உள்ளே வைத்துக்கொண்டு நலம் விசாரிக்க எனக்கு வராது. நேற்று சாயங்காலம் போன் போட்டாய். சாப்பிட்டாயா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. "எம்மா, நம்ம ஏரிக்கரைல வவ்வா இன்னும் கீதா? எந்த எடத்துல, எந்த டைம்ல போனா கெடைக்கும்?" என்றாய். எதற்கடா என்று கேட்டேன். "யாழினி இளப்புக்குத்தாம்மா. மருந்து இழுக்கற பம்ப நிறுத்திட்டோம், பழக்கமாயிடும்னு மாமியார் சொல்றாங்க. வவ்வா கறி குடுத்தா அடியோட போயிடுமாம். ஞாயித்துக்கெழம வலை போடற ஆளு ரெண்டு பேரக் கூட்டிக்கினு வரேன்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. ஐந்து வயதுக் குழந்தை, ராத்திரி படுக்க முடியாமல் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து தூங்குகிறது என்று போன வாரம் நீதான் சொன்னாய். அந்தக் குழந்தையிடமிருந்து டாக்டர் கொடுத்த மருந்தைப் பிடுங்கி வைத்துவிட்டு வௌவாலைத் தேடுகிறாய். போனில் பேசினால் திட்டித் தீர்த்துவிடுவேன், நீயும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்து நானே போட்டோ எடுத்து நம் குடும்ப குரூப்பில் போடுவேன். மருமகள் படிக்கட்டும், உன் மாமியார் படிக்கட்டும், குரூப்பில் இருக்கிற அத்தனை பேரும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எங்கே என்றால், நீ விட்டுப்போன இடத்திலேயேதான் இருக்கின்றன. மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் இறங்கி, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி நம் ஊர் ஏரிக்கரையில் ஏறினால், மதகுக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய ஆலமரம், அதை ஒட்டி இரண்டு இலுப்பை. பகல் முழுக்க அங்கேதான் தொங்கும். தூரத்திலிருந்து பார்க்கிற புது ஆள் மரத்தில் கரிப்பானையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பான். கிட்டே போனால் செம்பட்டை முடி கழுத்தில் தெரியும், நரி மாதிரி மூஞ்சி தெரியும். கோயில் மண்டபத்திலும் பாழடைந்த வீட்டிலும் விர்ரென்று சுற்றுகிறதே, அது சின்ன ஜாதி, பூச்சி தின்பது. அதைப் பார்த்து இதுதான் என்று ஏமாந்துவிடாதே. நம்முடையது பழந்தின்னி. வெயில் ஏறினால் சிறகை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கு ரேஷன் கடை வாசல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும் அந்த மரம். கரை மேல் நடக்கிறவன் தலைக்குத் துண்டு போட்டுக்கொண்டு போவான். பொங்கலுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையோடு நீ போய் மரத்தடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றதும், அது மேலிருந்து உனக்கு ஆசீர்வாதம் பண்ணியதும், அழுதுகொண்டே வந்து "எம்மா, மய பெய்யுது" என்று சொன்னதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தச் சட்டையை எத்தனை சோப்பு போட்டும் கறை போகவில்லை.

எப்போது என்று கேட்டாய். வருஷம் பூராவும் உண்டு, ஆனால் பார்க்கிற நேரம் ஒன்று இருக்கிறது. சூரியன் இறங்கி, கொக்கெல்லாம் அடங்கி, முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்த வேளை. முதலில் ஒன்றே ஒன்று கிளம்பும். மரத்தை ஒரு சுற்று சுற்றும். அதற்குப் பிறகு சரம் மாதிரி புறப்படும். கோடைக் காலமாக இருந்தால் ஏரித்தண்ணீரை உரசிக்கொண்டு போய் நெஞ்சை நனைத்துக்கொள்ளும், அப்புறம் அதை நக்கிக் குடிக்கும். உன் அப்பா எனக்குக் காட்டித்தான் இதையெல்லாம் பார்த்தேன். கல்யாணமாகி வந்த புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னால் இந்த மனுஷன் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனார். பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ பூக்கிறபோது அதிக தூரம் போகாது, சுற்று வட்டாரத்திலேயே இருக்கும். ஆனி, ஆடியில் நாவல் பழுத்தால் மேற்கே திரும்பி கல்வராயன் மலைக்குப் போகும். உன் அப்பா டிராக்டரில் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வருவாரே, அப்போது வெள்ளிமலைப் பக்கம் சாயங்காலம் நாவல் மரத்தில் இவற்றைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஊரு ஆளுங்கள அங்க பாத்தேன்" என்பார். நம் ஊரிலிருந்து அங்கே போய்த் தின்றுவிட்டு விடிவதற்குள் திரும்பி அதே மரம், அதே கிளை. கொட்டையெல்லாம் வழியில் துப்பிக்கொண்டு வரும். நம் வரப்பில் நாம் நடாமலே முளைத்த நாவல் அப்படி வந்ததுதான். அது கடித்துப் போட்ட பழத்தை மட்டும் குழந்தை கையில் கொடுக்காதே, நன்றாக இருக்கிற பழத்தையும் கழுவிக் கொடு.

ஆயிற்று, எங்கே எப்போது என்பதைச் சொல்லிவிட்டேன். தெரிந்தால் அவன் வலையோடு வந்துவிடுவானே, ஏன் சொன்னாய் என்று உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முறைக்கிறார். அவன் வரமாட்டான், என் பிள்ளை இதை முழுக்கப் படிப்பான் என்று சொல்லியிருக்கிறேன். இந்தப் பங்குனி மாதத்தில் அந்த மரத்தில் தொங்குகிற பொம்பளை வௌவால்களில் பாதிக்கு மேல் மார்பில் குட்டியோடு தொங்குகின்றன. ஒரு பிரசவத்துக்கு ஒரு குட்டிதான். இப்போது நான் சொல்லப் போவதும் இதே மாதிரி ஒரு பங்குனியில் நடந்ததுதான்.

உனக்கு அப்போது யாழினி வயதுதான். கரும்பு வெட்டு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். வெட்டி முடித்த தோட்டத்தில் சோகையை, அந்தக் காய்ந்த கரும்பு இலையைக் கொளுத்துவார்கள், ஊரே புகையாக இருக்கும். நான் வீட்டுக்குள் அடுப்பெரிப்பதும் அதே சோகையில்தான். தை மாதம் ஆரம்பித்த இளைப்பு உனக்கு மாசியிலும் விடவில்லை. விலா எலும்பு உள்ளே போய் வெளியே வரும். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாது, "எம்மா" என்பதற்கே மூன்று தடவை மூச்சு வாங்குவாய். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் புறக்கடைக்கும் நடப்பேன். தூதுவளை, கற்பூரவல்லி, நெஞ்சில் தடவும் தைலம், தாயத்து, எதையும் விடவில்லை. அப்போதுதான் உன் அத்தை, அப்பாவின் அக்கா, வந்தார். உன் மேல் உயிர். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, விடிந்தால் வந்துவிடுவார். "இதுக்கு ஒரே மருந்து வவ்வா கறிதான். மொளவு போட்டு கொளம்பு வெச்சி குடு. ரெண்டே தரம். இளப்பு ஓடிப் பூடும்" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அதுதான் சரி என்று பட்டது. உன் அப்பாவைப் போகச் சொல்லி நச்சரித்ததும் நான்தான். இன்றைக்கு நீ எந்த அவசரத்தில் இருக்கிறாயோ அதே அவசரத்தில் நான் இருந்திருக்கிறேன். மூச்சுக்குத் திணறுகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவளுக்கு உலகத்தில் வேறு எந்த உயிரும் கண்ணில் படாது. அதனால் உன்னை முட்டாள் என்று நான் சொல்லவில்லை.

உன் அப்பா ஒரு சிநேகிதரிடம் மீன் வலை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கரையில் இரண்டு பனைமரம் இருந்ததே, வௌவால் தண்ணீருக்குத் தாழ்ந்து வருகிற இடம், அங்கே வலையைக் கட்டியிருக்கிறார். அத்தை இங்கே அம்மியில் மிளகு அரைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். நான் உலை வைக்காமல் காத்திருக்கிறேன். நன்றாக இருட்டிய பிறகு உன் அப்பா வந்தார். கையில் பை இல்லை. கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "இன்னாங்க, மாட்லியா?" என்றேன். "மாட்டுச்சி. மாருல குட்டி ஒன்னு தொத்திக்கினு கீது. ரெண்டும் கத்துதுங்க. வலைய அறுத்து வுட்டுட்டேன்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வேன். "அப்ப எம்புள்ள? வவ்வா குட்டி பெருசா பூட்ச்சா உங்களுக்கு? இவன் மூச்சு நின்னா நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்று கத்தினேன். அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த ஒரு வாரம் நான் அவருக்குச் சோறு போட்டேன், முகம் பார்த்துப் பேசவில்லை.

ஆனால் மறுநாள் காலை அத்தை வந்து, குழம்பு வைத்தாயா என்று கேட்பாரே, அதற்கு என்ன செய்வது? "குட்டிக்கு எரக்கப்பட்டு வவ்வாவ வுட்டுட்டு வந்தான்" என்று தெரிந்தால் உன் அப்பாவை அவரே உரித்துவிடுவார், அப்புறம் வேறு ஆளை விட்டுப் பிடிக்கச் சொல்வார். உன் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. விடிந்ததும் சந்தைக்குப் போய் இரண்டு காடை வாங்கி வந்தார். அத்தை அரைத்து வைத்த மிளகைப் போட்டு நான் குழம்பு வைத்தேன். உனக்கு ஊட்டினேன். அத்தை பக்கத்தில் நின்று, "எலும்ப மென்னு துப்புடா கண்ணு, அதுலதான் சத்து" என்றார். நீ சப்புக்கொட்டிச் சாப்பிட்டாய். இன்னும் வேண்டும் என்று கேட்டாய். நான் அழுதேன். அத்தை அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டார்.

உன் வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன், "நானே வவ்வா கறி சாப்ட்டுத்தான் சரியானேன்" என்று. நேற்றும் அதையேதான் சொன்னாய். உன் மாமியார் நம்பியதற்கும் மருமகள் ஒத்துக்கொண்டதற்கும் நீதான் சாட்சி. ஆகையால் தெளிவாகவே எழுதுகிறேன். நீ உன் ஜென்மத்தில் வௌவால் கறி தின்றது கிடையாது. நீ தின்றது காடை.

காடையாலும் நீ சரியாகவில்லை. பத்து நாள் போயிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் சோகை கொளுத்தினார்கள். அன்றைக்கு உனக்கு வந்த இளைப்பு மாதிரி நான் பார்த்ததே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது. கண் சொருகியது. உன் அப்பா மில்லில் கரும்பு லோடோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். சேதி போய், வரிசையையும் லோடையும் அப்படியே விட்டுவிட்டு, டிரைலரைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் டிராக்டர் தலையோடு வந்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு மட்கார்டு மேல் நான் உட்கார்ந்தேன். கள்ளக்குறிச்சி போகிற வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் நீ இருக்கிறாயா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். அங்கே ஒரு டாக்டரம்மா. ஊசி போட்டு, காற்று வைத்து, உன் நெஞ்சு இறங்குகிற வரைக்கும் நகராமல் நின்றார். உனக்கு நிறம் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கேட்டார், "அடுப்புக்கு இன்னாம்மா எரிக்கிற?" சோகை என்றேன். "வூட்டுக்குள்ளயா? புள்ளைய பக்கத்துல வெச்சிக்கினா?" ஆமாம் என்றேன். "இன்னா மருந்து குடுத்த?" வௌவால் கறி என்று, அத்தைக்குச் சொன்ன பொய்யையே சொல்ல வாயெடுத்தேன், உன் அப்பா முந்திக்கொண்டு, "காடை கொளம்புங்க" என்றார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "காடை நல்லதுதான், சாப்புடட்டும். ஆனா மூச்சுக்கொழாய்க்கு மருந்து இதுதான்" என்று ஒரு நீலக் குழலை எடுத்து என் கையில் கொடுத்து எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார்.

அந்த நீலக் குழல் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அப்பாவின் விசில் என்று சொல்வாய். அத்தைக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஆகாது, அதைப் பார்த்தால் பிடுங்கி எறிவார் என்று உன் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, புறக்கடையில் உன்னை நிறுத்தி, "விசில் ஊதற மாரி ஊதாம, உள்ள இழுடா" என்பார். யாருக்கும் சொல்லக் கூடாத விளையாட்டு என்று உனக்குச் சொல்லியிருந்தார். நீயும் சொன்னதில்லை. கெட்டிக்காரன். டாக்டரம்மா சொன்ன காலம் வரைக்கும் விடாமல் கொடுத்தோம், அவர் குறை என்று சொன்னபோது குறைத்தோம், போதும் என்று சொன்னபோது நிறுத்தினோம். நாங்களாக ஒரு நாளும் நிறுத்தவில்லை. பழக்கம் ஆகிவிடும் என்கிறார்களே, எங்கே ஆயிற்று? இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, நீ என்ன விசில் ஊதிக்கொண்டா திரிகிறாய்? அடுப்பைப் புறக்கடைக்கு மாற்றினேன். உன் அப்பா நம் தோட்டத்தில் சோகை கொளுத்துவதை அன்றோடு நிறுத்தினார். சோகையை அப்படியே மண்ணில் பரப்பி மட்க விட்டபோது, "பொண்டாட்டி சொன்னாளாம், சோகைக்கி பாய் போட்டு படுக்க வெக்கிறான்" என்று டீக்கடையில் கிண்டல் செய்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார். நீ பிழைத்தது இப்படித்தான்.

சரி, இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உன் அத்தைக்காகத்தான். நீ ஓடியாட ஆரம்பித்ததும் அவருக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சமா? கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, எங்கே போனாலும் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவனப் பாருங்க, என் வைத்தியம்" என்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு காடை என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழவில்லை. சின்ன விஷயம், ஒரு பெரிய மனுஷிக்குப் பெருமை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தோம். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவர் சொன்னது எலவனாசூர்கோட்டை வரைக்கும் போயிற்று, களமருதூர் வரைக்கும் போயிற்று. இளைப்புள்ள பிள்ளையை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் நம் ஏரிக்கரையைத் தேடி வந்தார்கள். வலை, கவட்டை, ஒரு தடவை நாட்டுத் துப்பாக்கி. அப்போது மூன்று இலுப்பையில் தொங்கின, ஒன்றிலிருந்து எழுந்து போன வௌவால்கள் திரும்பவே இல்லை. ஆனால் அதை விட எனக்கு உறுத்துவது வேறு. வௌவால் கறி கொடுத்துவிட்டோம், இனி சரியாகிவிடும் என்று காத்துக்கொண்டிருந்த எத்தனை அம்மாக்கள் கள்ளக்குறிச்சிக்கு லேட்டாகப் போயிருப்பார்கள்? போகாமலேயே இருந்தவர்கள் எத்தனை பேர்? அது எனக்குத் தெரியாது. இப்போது அது சுற்றி வந்து என் வீட்டுக் கதவையே தட்டுகிறது. என் பிள்ளையே என் பேத்திக்கு வலை எடுத்துக்கொண்டு வருகிறான்.

வரக்கூடாது. வந்தாயானால் மதகுப் பக்கம் நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டித்தான் வலை கட்ட வேண்டும். கூட்டிவருகிற ஆட்களுக்கும் சொல்லிவிடு, இப்போதெல்லாம் வௌவாலைப் பிடித்தால் வனத்துறை கேஸ் போடுகிறது, அதையும் நானே போன் பண்ணிச் சொல்வேன். பெற்றவள் பிள்ளையைப் பிடித்துக் கொடுப்பாளா என்று யோசிக்காதே. கொடுப்பேன். அப்புறம் ஜாமீனுக்கு நானே வந்து நிற்பேன்.

மருமகளைத் திட்டாதே. அவளும் ராத்திரியெல்லாம் தூங்காமல் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கிறாள், அந்த நிலைமையில் யார் எதைச் சொன்னாலும் கேட்கத் தோன்றும். உன் மாமியாரையும் ஒன்றும் சொல்லாதே. அவர் கெட்டது நினைக்கவில்லை. உன் கல்யாணத்தில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட கதையைத்தான் நம்பினார், அதற்கு நீயே தலையாட்டினாய். நீதான் எழுந்து நின்று, எனக்குக் கொடுத்தது காடை, என்னைக் காப்பாற்றியது மருந்து என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். வீட்டில் கொசுவர்த்தி கொளுத்தாதே, சாம்பிராணி போடாதே, நீ மாடியில் போய்க் குடிக்கிற சிகரெட் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, அதையும் விட்டுவிடு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாய். அந்த டாக்டரிடம் திரும்பப் போய், நாங்களாக நிறுத்திவிட்டோம் என்று உள்ளதைச் சொல். திட்டுவார். வாங்கிக்கொள்.

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் உன் அப்பாவைக் காணோம். "அக்கா மனசு நொந்துடும், எழுதாத" என்று சொல்லிக்கொண்டே இருந்த மனுஷன், சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போயிருக்கிறார். போட்டோவில் படித்துத் தெரிந்துகொள்வதை விடத் தம்பி வாயால் கேட்கட்டும் என்று போயிருக்கிறார். நானும் பின்னாலேயே போனேன். நான் போகும்போது சொல்லி முடித்திருந்தார். அத்தை முறத்தில் உளுந்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "காடையா?" என்றார். ஆமாம் அண்ணி என்றேன். "இத்தினி வருசமா நான் ஊரு பூரா பொய்ய சொல்லிக்கினு இருந்தனா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடா தம்பி? எத்தினி புள்ளைங்களுக்குச் சொன்னேன், எத்தினி புள்ளைங்களுக்கு..." என்று அழுதார். உன் அப்பா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் தாங்கவில்லை. அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாழினி வூட்டுக்கு இதச் சொன்னது நானு. நானே போயி மாத்திச் சொல்றேன். எப்ப பஸ்ஸு?" என்றார். முழங்கால் வலியில் பத்தடி நடக்க முடியாதவர், இப்போது பையில் புடவை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அத்தையும் கிளம்புகிறோம், மதியத்துக்கு மேல் வந்துவிடுவோம். உன் மாமியாரை வீட்டில் இருக்கச் சொல். வலைக்காரர்களுக்கு வேண்டாம் என்று போன் போடு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இதைப் படித்து முடித்த கையோடு எழுந்து போய் அந்தப் பம்பை எடுத்து, டாக்டர் சொன்னபடி குழந்தைக்குக் கொடு. நாங்கள் வரும் வரைக்கும் காத்திருக்காதே. எங்கே வைத்தோம் என்று தேட வேண்டாம், பீரோ மேல்தட்டில், துணிக்குப் பின்னால் இருக்கிறது. நேற்று நான் போனை வைத்த பிறகு யாழினி உன் போனிலிருந்து எனக்குத் திருட்டுத்தனமாகக் கூப்பிட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"ஆயா, என் பம்ப்பு பீரோ மேல கீது. எனக்கு எட்டல."

அம்மா